பச்சை நிறத்தில் நாலு டிகிரி

வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருக்கும் உங்களுக்கு. கட்டைவிரல் அளவில் ஒரு வைஃபை மாட்யூலைக் கையில் கொடுத்து, "இதை நெட்டில் சேர்த்துக் காட்டுங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். நீங்களும் மாட்யூலைத் தயாரித்த கம்பெனி தரும் எஸ்.டி.கே.யை, அதாவது அந்த மாட்யூலோடு பேசுவதற்கான புரோகிராம் மூட்டையை, லேப்டாப்பில் இறக்கியிருப்பீர்கள். அதற்குள் இருக்கும் எக்ஸாம்பிள்களில் ஒன்றை எடுத்து, வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் மாற்றி ஓட்டியிருப்பீர்கள். அரை மணி நேரத்தில் நீல விளக்கு எரிந்திருக்கும். டீ குடிக்கப் போகும்போது உங்கள் நடையே மாறியிருக்கும்.

தப்பில்லை. எனக்கும் மாறியது. அதுவும் தலை நரைத்த பிறகு மாறியது என்பதுதான் வெட்கக்கேடு. நான் இந்த வேலையில் ஏறக்குறைய முப்பது வருடம் இருந்துவிட்டு, இப்போது ஜோகுபாளையம் வீட்டில் காலை பத்து மணிக்குக்கூட அவசரமில்லாமல் பல் தேய்க்கிற மனிதன். எஸ்.டி.கே.யை எப்படி நிறுவுவது, மெமரியை எப்படி மிச்சம் பிடிப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதையெல்லாம் எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. ஒரு சனிக்கிழமையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதில் வைஃபை வருகிறது. இட்லி மாவும் வருகிறது.

பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், முதல் மாடியில் இருந்தது எங்கள் கம்பெனி. மொத்தம் பன்னிரண்டு பேர். நாங்கள் செய்தது ஒரு சின்னப் பெட்டி. கோல்டு ரூமுக்குள் சுவரில் மாட்டிவிட்டால், நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே எத்தனை டிகிரி என்று பார்த்து வைஃபை வழியாக அனுப்பும். வாடிக்கையாளரின் போனில் ஓர் ஆப். எல்லாம் சரியாக இருந்தால் எண் பச்சையில் தெரியும். சூடு ஏறினால் சிவப்பாகி அலாரம் அடிக்கும். அவ்வளவுதான் சரக்கு.

எங்கள் ஆபீஸில் ஒரு ரௌட்டர் இருந்தது. மேஜை நடுவில், யு.பி.எஸ்.ஸோடு இணைத்து, ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். நாங்கள் பன்னிரண்டு பேரும் அதை நம்பித்தான் பிழைத்தோம். தெருவில் கரண்ட் போனாலும் அது போகாது. ஆயுத பூஜைக்கு மற்ற கம்பெனிகளில் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைப்பார்கள். எங்களிடம் முதல் மாலை ரௌட்டருக்குத்தான். போர்டுகளுக்குக் குங்குமம் வைக்க நான் விடமாட்டேன், ஷார்ட் ஆகிவிடும் என்று கத்துவேன். ஆனால் ரௌட்டருக்கு நானே என் கையால் பொட்டு வைத்திருக்கிறேன். வைத்த நாளிலிருந்து அதை யாரும் ஒரு தடவைகூட அணைத்ததில்லை. அணைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

ஒருத்தியைத் தவிர. ரெஹானா எங்கள் டெஸ்ட் இன்ஜினியர். நீலசந்திராவிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். எதையும் உடைத்துப் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். பெட்டியின் கரண்ட்டைப் பிடுங்கிப் பிடுங்கி நூறு தடவை சொருகிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பெட்டி இரண்டே நொடியில் எழுந்து, ரௌட்டரைப் பிடித்து, எண்ணை அனுப்பியது. நான் அவள் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப் போனேன்.

"சார், ஒரு தடவை ரௌட்டரையும் சேத்து ஆஃப் பண்ணிப் பாக்கலாமா? வெளில கரண்ட் போச்சுன்னா ரெண்டும்தானே போகும்?"

"பூஜை போட்ட ரௌட்டர்மா அது. அதைத் தொட்டா ஆபீஸே கத்தும். நூறு தடவை பாத்துட்டே இல்ல, போதும்."

அவள் தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் லிங்கராஜபுரத்தில் இட்லி மாவு ஆட்டி, பாக்கெட் போட்டு, சுற்றுவட்டாரக் கடைகளுக்குக் கொடுப்பவர். ஆபீஸில் எல்லோருடைய போனிலும் அவர் "மாவு மேடம்" என்றுதான் பதிவாகியிருந்தார். அது அவருக்கும் தெரியும். போன் எடுத்ததும் "மாவு பேசுறேன் சார்" என்றே ஆரம்பிப்பார். வீட்டின் பின்பக்கம் நாலு பெரிய கிரைண்டர், பக்கத்தில் ஒரு கோல்டு ரூம், அதற்குள் எங்கள் பெட்டி. எங்கள் பொருளை முதலில் வாங்கியவர்களில் ஒருவர். பக்கத்துக் கடைக்காரர்களிடம் எங்களுக்காக இலவசமாக விளம்பரம் செய்தவர்.

அந்த வருடம் அவருடைய பங்குக் கோயிலில், அதாவது அவர் போகும் சர்ச்சில், திருநாள். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் காலைச் சாப்பாடு போடுவது அங்கே வழக்கம். பல வருடமாக ஒரு பெரிய சமையல் கான்ட்ராக்டர்தான் செய்துகொண்டிருந்தார். அந்த வருடம் மாவு மேடம் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, "எனக்குக் குடுங்க, நான் பண்றேன்" என்று கேட்டு வாங்கியிருந்தார். "மாவு விக்கிறவங்களுக்குப் பந்தி போடத் தெரியுமா?" என்று கூட்டத்திலேயே ஒருவர் கேட்டாராம். அதை எனக்குச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இரண்டு தடவை சொன்னார். வாரத்தில் ஏழு நாளும் பார்க்கிற முகங்கள் அத்தனையும் ஒரே இடத்தில் கூடி, அவர் கை இட்லியைச் சாப்பிடப் போகின்றன. அது சரியாக அமைந்தால் அவர் அந்தக் கோயிலில் தலை நிமிர்ந்து நடப்பார். அமையாவிட்டால், அந்தக் கேள்வி கேட்டவர் ஆயுசு முழுக்க அவரை விடமாட்டார்.

வெள்ளிக்கிழமை ஆட்டிய மாவு, சனிக்கிழமை விடியும்போது சரியான பதத்துக்குப் பொங்கியிருந்தது. ஏழு அண்டாவையும் கோல்டு ரூமுக்குள் ஏற்றிவிட்டார். அந்தப் பதத்திலேயே அடுத்த நாள் காலை வரை குளிரில் நிற்க வேண்டும். திட்டம் அதுதான்.

சனிக்கிழமை மதியம் ஒரு மணி இருக்கும். நான் ஆபீஸில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"மாவு பேசுறேன் சார். சும்னே ஒரு சந்தேகம். கோல்டு ரூம் கைப்பிடி எப்பவும் வேர்த்துக் கொட்டும். இன்னைக்குக் காஞ்சு கெடக்கு."

"கரண்ட் போச்சாம்மா?"

"பதினோரு மணிக்குப் போச்சு. முக்கா மணி நேரத்துல வந்துடுச்சு. லைட் எரியுது, கிரைண்டர் ஓடுது. ஆப்ல நாலுன்னுதான் காட்டுது, பச்சையாத்தான் இருக்குது. இருந்தாலும் ஒரு தடவை தொறந்து பாத்துடட்டுமா சார்?"

இடது கையால் என் போனில் ஆப்பைத் திறந்தேன். நாலு டிகிரி. பளிச்சென்று பச்சை.

"தொறக்காதீங்கம்மா. கரண்ட் போய் வந்திருக்கு, தொறந்தா இருக்கிற குளிர்ச்சியும் வெளிய போயிடும். கையை நம்பாதீங்க, சென்சாரை நம்புங்க. அதுக்குத்தானே வாங்கினீங்க?"

"நீங்க சொன்னா சரி சார்."

போனை வைத்துவிட்டு மிச்சத் தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். ஊறுகாய் நன்றாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வரும். வருடக்கணக்காகத் தினமும் அந்தக் கைப்பிடியைத் தொட்டுப் பழகிய ஒருவர் ஏதோ சரியில்லை என்கிறார். லிங்கராஜபுரத்துக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, ஒரு பச்சை எண்ணைப் பார்த்துவிட்டு, எல்லாம் தெரிந்தவன் போல நான் பதில் சொல்லியிருக்கிறேன்.

மூன்றரை மணிக்கு மறுபடி அழைத்தார். "சார், கொஞ்சம் வர்றீங்களா?" அவ்வளவுதான். "மாவு பேசுறேன்" என்றுகூடச் சொல்லவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

ரெஹானா அன்று ஆபீஸில் இருந்தாள். அவள் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன். என் ஹெல்மெட் அவளுடைய தம்பியுடையது, காதை நசுக்கியது. மேம்பாலத்தில் ஏறும்போதே "நாலுதான் சார் காட்டுது, இப்பவும்" என்று நான் அவளிடம் கத்தினேன். அவள் திரும்பாமல், "நாலுன்னா எப்ப நாலு சார்?" என்று கத்தினாள். எங்கள் ஆப்பில் எண் மட்டும்தான் இருந்தது. அது எத்தனை மணிக்கு வந்த எண் என்று எங்கேயும் இல்லை. வடிவமைத்தவன் நான்தான். திரை சுத்தமாக இருக்கட்டும் என்று நேரத்தை எடுத்துவிட்டிருந்தேன்.

மாவு மேடம் கோல்டு ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. உள்ளேயும் வெளியேயும் ஒரே காற்று. ஏழு அண்டாவின் மூடிகளும் மேலே தூக்கிக்கொண்டு நின்றன. விடியலில்தான் ஏற்றியது, அண்டாக்களின் உள்சூடு முழுதாக ஆறியிருக்கவில்லை; மாவு பொங்கி வழிந்து, தரையில் இறங்கி, வாசல் வரை வந்திருந்தது. புளிப்பு நெடி கண்ணைக் கரித்தது. சுவரில் எங்கள் பெட்டி, சின்ன நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, ரொம்ப நல்ல பிள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க சொன்னீங்கன்னுதான் சார் தொறக்கல" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நடந்ததை எனக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி, மெதுவாகத்தான் சொன்னார். என் வேலைக்காலத்தில் நான் வாங்கிய எந்தத் திட்டும் அந்த ஒரு வரி அளவுக்கு வலித்ததில்லை.

ரெஹானா அதற்குள் சுற்றிப் பார்த்துவிட்டாள். கட்டிடத்து மெயின் பாக்ஸில் ஒரு ஃபியூஸ் போயிருந்தது. மூன்று ஃபேஸில் இரண்டுதான் திரும்பி வந்திருக்கிறது. லைட்டும் கிரைண்டரும் மற்ற இரண்டில் ஓடின. மூன்று ஃபேஸும் இல்லாமல் ஓடாத கம்ப்ரஸர் மொட்டைமாடியில் சும்மா நின்றிருக்கிறது. கிரைண்டர் சத்தத்தில் அது யாருக்கும் தெரியவில்லை. பிறகு பெட்டியைக் கையில் எடுத்துத் தன் லேப்டாப்பில் சொருகினாள்.

"சார், இது பத்து அம்பத்தெட்டு மணியோட நாலு."

நடந்தது இவ்வளவுதான். கரண்ட் திரும்பியதும் எங்கள் பெட்டி வழக்கம்போல இரண்டு நொடியில் எழுந்துவிட்டது. ஆனால் வீட்டு ரௌட்டரும் அதே கரண்ட்டில் செத்துப் பிழைத்ததுதானே? அது கண் விழிக்க இரண்டு நிமிடம் ஆகும். பெட்டி அரை நிமிடத்துக்குள் ஐந்து தடவை தேடிப் பார்த்துவிட்டு, ரௌட்டர் இல்லை என்று முடிவு கட்டி, யாராவது வந்து பொத்தானை அழுத்தட்டும் என்று உட்கார்ந்துவிட்டது. ஐந்து தடவை என்று யார் சொன்னது? எஸ்.டி.கே.யின் எக்ஸாம்பிள் சொன்னது. மேஜை மேல் ஓட்டிக் காட்டுவதற்காக யாரோ எழுதிய ஐந்து. நான் அதை அப்படியே எடுத்து, அழகாகப் பெட்டியில் அடைத்து, விற்றுவிட்டேன். ஆப்போ, புதிய எண் வரவில்லையென்றால் பழைய எண்ணையே பச்சையில் காட்டிக்கொண்டு நின்றது. எங்கள் ஆபீஸில் ரௌட்டர் ஒருநாளும் சாகாது என்பதால், இதில் எதையுமே நாங்கள் ஒருநாளும் பார்க்கவில்லை.

இதையெல்லாம் நான் மாவு மேடத்திடம் விளக்க ஆரம்பித்தேன். மாட்யூல், எக்ஸாம்பிள் என்று இரண்டு வாக்கியம் போயிருப்பேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது அப்புறம் சார். மொதல்ல ஒரு போன் பண்ணிக்கிறேன்."

"அக்கா, தோசையா ஊத்த முடியாதா?" என்று ரெஹானா கேட்டாள்.

"இவ்ளோ புளிச்சதையா? கோயில் சாப்பாடும்மா" என்று சொல்லிவிட்டு, கமிட்டித் தலைவரின் எண்ணை அழுத்தினார். மாவில் கால் வைத்தபடியே பேசினார்.

"அண்ணா, நாளைக்கு இட்லி கெடையாது. மாவு புளிச்சுப்போச்சு. என் கோல்டு ரூம் ஓடல. இன்னும் டைம் இருக்கு, வேற யாருக்காவது குடுக்கணும்னா இப்பவே குடுத்துடுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். நானே பண்ணணும்னா பொங்கல், வடை, சாம்பார். ஃபாதரைக் கேட்டுட்டு சொல்லுங்க."

அந்தப் பக்கத்துக் கூச்சல் எங்களுக்கே கேட்டது. போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முழுவதையும் கேட்டார். "சரிண்ணா, காத்திருக்கேன்" என்று வைத்தார்.

கதவைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஆசைப்பட்டு, கேட்டு வாங்கிய வேலை. அது கையை விட்டுப் போனாலும் போகும் என்று தெரிந்தே, உண்மையை முதலில் சொல்லிவிட்டார். வேறு வழி இருக்கிறதா என்று தேடி, சமாளிக்கப் பார்த்து, பொழுது சாய்ந்த பிறகு சொல்லியிருந்தால் அந்தக் கமிட்டிக்கும் வேறு ஏற்பாடு செய்ய நேரம் இருந்திருக்காது. இன்னொன்றும் கவனித்தேன். "என் கோல்டு ரூம்" என்றார். எங்கள் பெட்டியைப் பற்றித் தலைவரிடம் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

அப்போதுதான் எங்கள் மேனேஜர் என்னைப் போனில் கூப்பிட்டார். நல்ல மனிதர். மைசூர் பக்கத்துக்காரர், தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார். திங்கட்கிழமை ஒரு பெரிய மருந்து விநியோகஸ்தரிடம் எங்கள் பெட்டியைக் காட்டப்போகிறோம் என்பதுதான் அவருக்கு அந்த வாரம் முழுக்க நினைப்பு. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சார், ஈக ஏனூ ஹேள்பேடி. இப்ப ஒண்ணும் ஒத்துக்காதீங்க. செக் பண்ணிட்டிருக்கோம்னு சொல்லுங்க. ஃபியூஸ் போனது அவங்களதுதானே?" என்றார்.

அதுவும் உண்மைதான். இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நெருக்கடியில் உங்களைக் காப்பாற்ற வருகிற வாக்கியம் பெரும்பாலும் பொய்யாக இருக்காது. ஃபியூஸ் அவருடையதுதான். கம்ப்ரஸர் நின்றதற்கு நாங்கள் பொறுப்பில்லை. அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறியிருக்கலாம். யாரும் என்னைக் கேட்டிருக்க முடியாது. ஒரு நிமிடம், முழுதாக ஒரு நிமிடம், நான் அதைச் சொல்லத்தான் தயாரானேன். எதிரே அந்த அம்மா மாவில் கால் வைத்து நின்றுகொண்டிருந்தார். இவர் இப்போது செய்துகாட்டியதை என்னால் செய்ய முடியாதென்றால் முப்பது வருடம் என்னத்தைக் கிழித்தேன் என்று தோன்றியது.

மேனேஜரிடம் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டு மாவு மேடத்திடம் போனேன்.

"அம்மா, தப்பு எங்களோடது. ஒரு மணிக்கு நீங்க கேட்டப்ப உள்ள எத்தனை டிகிரின்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னே எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். நீங்க அப்பவே தொறந்திருந்தா மாவு தப்பிச்சிருக்கும்."

"ஆமா சார், தப்பிச்சிருக்கும்" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாததற்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. பிறகு, "வேற யார் யார்கிட்ட இந்தப் பெட்டி இருக்குது?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. இன்னும் பதினேழு இடங்களில் பதினேழு பெட்டிகள் பச்சையில் நின்றுகொண்டிருந்தன.

நானும் ரெஹானாவும் அங்கேயே அரிசி மூட்டைகள் மேல் உட்கார்ந்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு போன் செய்தோம். "ஆப்ல தெரியிற நம்பரை நம்பாதீங்க, இப்பவே கதவைத் தொறந்து பாருங்க." சிலர் திட்டினார்கள். ஒருவர் பாதிப் பேச்சில் வைத்துவிட்டார். பூக்கடைக்காரர் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ரோஜா நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சுவரில் பெட்டியைக் காணோம் என்றார். மூன்று வாரத்துக்கு முன் வெள்ளையடிக்கும்போது கழற்றி அலமாரியில் வைத்தார்களாம். எங்கள் ஆப் மூன்று வாரமாக அவருக்குப் பச்சையில் ஐந்து டிகிரி காட்டிக்கொண்டிருந்தது. ரெஹானா அதைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த நிலைமையிலும் எனக்கும் சிரிப்பு வந்தது. மாவு மேடம் என்ன என்று கேட்டார். சொன்னோம். அன்று அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவர் போன் அடித்தது. அவர் எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு எடுத்தார். "சொல்லுங்கண்ணா." பிறகு, "ம்." இன்னொரு "ம்." அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"பொங்கல்ல மிளகை முழுசா போட வேணாமாம். பசங்க தூக்கிப் போட்ருவாங்களாம்."

எனக்கு அது புரிய இரண்டு நொடி ஆனது. ரெஹானா ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் துடைப்பத்தை எடுத்துத் தரையிலிருந்த மாவைத் தள்ள ஆரம்பித்தேன். வேறு எப்படி முகத்தை மறைப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மைதானத்தில் நானும் ரெஹானாவும் பந்தியில் நின்றோம். யாரும் கூப்பிடவில்லை, நாங்களாகப் போனோம். சாம்பார் வாளி என்னிடம், வடைத் தட்டு அவளிடம். "போன வருஷம் இட்லி போட்டாங்களே" என்று ஒரு பெரியவர் முனகினார். மாவு மேடம் அந்தப் பக்கமாக வந்து, எல்லோர் காதிலும் விழும்படி, "மாவு கெட்டுப்போச்சுங்க, அதான் பொங்கல். அடுத்த வருஷம் இட்லி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அதற்கு மேல் முனக என்ன இருக்கிறது? பெரியவர் இரண்டாம் தடவை பொங்கல் கேட்டார். கமிட்டிக் கூட்டத்தில் கேள்வி கேட்டவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவராக இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மருந்து விநியோகஸ்தரைத் தள்ளிப்போட்டோம். மேனேஜர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. முதல் வேலையாக ரெஹானாவிடம், "அந்த நோட்டுல அன்னைக்கு என்னம்மா எழுதினே?" என்று கேட்டேன். காட்டினாள். "ரௌட்டர் ஆஃப் டெஸ்ட். சார் வேண்டாம்னுட்டாங்க." தேதியோடு இருந்தது. நான் அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

பிறகு எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, மாலையும் பொட்டுமாக இருந்த ரௌட்டரை யு.பி.எஸ்.ஸிலிருந்து பிடுங்கிச் சுவர் பிளக்கில் சொருகச் சொன்னேன். ரெஹானா மாலையைக் கழற்றி ஓரமாக வைத்து, அப்படியே செய்துவிட்டு, ஆபீஸ் மெயின் சுவிட்சை இறக்கினாள். மேஜையில் பத்துப் பெட்டிகள். மறுபடி ஏற்றினாள். பத்தும் எழுந்தன, ஐந்து தடவை தேடின, வரிசையாக உட்கார்ந்துவிட்டன. அதுவரை, ரௌட்டரைத் தொடாமல், நாங்கள் நூறு தடவை வெற்றி பெற்ற பரீட்சை அது.

ஐந்து தடவை என்பதைத் தூக்கிவிட்டு, கிடைக்கும் வரை தேடு, ஆனால் இடைவெளி விட்டுத் தேடு என்று மாற்றுவதற்கு ஒரு மதியம் போதுமாக இருந்தது. ஆப்பை மாற்றுவதற்குத்தான் சண்டை. பத்து நிமிடம் புதிய எண் வராவிட்டால் பச்சையும் வேண்டாம் சிவப்பும் வேண்டாம், எண்ணையே எடுத்துவிட்டு, சாம்பல் நிறத்தில் "தெரியவில்லை" என்று எழுது, கடைசியாகத் தெரிந்தது எத்தனை மணிக்கு என்று கீழே போடு என்றேன். "தெரியவில்லைன்னு சொல்ற மிஷினை எவன் சார் வாங்குவான்?" என்று மேனேஜர் கேட்டார். நியாயமான கேள்விதான். மாவு மேடத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவரிடமே கேட்கச் சொன்னேன். "மொதல்லயே சொல்லியிருந்தா நான் இட்லி போட்டிருப்பேன் சார்" என்றார். சண்டை முடிந்தது.

அடுத்த வருடத் திருநாளுக்கு அவர் இட்லிதான் போட்டார். பஞ்சு மாதிரி இருந்தது. போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற்று சில வருடம் ஆகிறது. ரெஹானா இப்போது நீங்கள் சேர்ந்திருக்கும் கம்பெனியிலேயே, உங்கள் பக்கத்து மாடியில், ஒரு பெரிய டீமை நடத்துகிறாள். அவள் டீமில் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் வேலை, ரௌட்டரைப் பிடுங்குவது. உங்கள் மேஜையிலும் ஒருநாளும் அணைக்காத ஏதோ ஒன்று இருக்கும். ரௌட்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தேடிப் பாருங்கள்.

போன மாதம் ஒரு பகலில், ஜோகுபாளையம் கடைத்தெருவில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"மாவு பேசுறேன் சார். உங்க மிஷின் தெரியலைன்னு சொல்லுது. ஒரு மணி நேரமா அப்படியே இருக்குது."

ஒண்ணுமில்லம்மா, ரௌட்டரா இருக்கும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பத்துக்கு ஒன்பது தடவை அதுதான் காரணமாக இருக்கும். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? முருங்கைக்காயைக் கீழே வைத்தேன்.

"எனக்கும் தெரியலம்மா. போய்த் தொறந்து பாருங்க."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"தொறந்து பாத்துட்டேன் சார். ஜில்லுனுதான் இருக்குது. ரௌட்டர் ஒயரை எவனோ பிடுங்கியிருக்கான். நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கலாம்னுதான் போன் பண்ணேன்."